முதல் பக்கத்தோடு நிற்காதீர்கள்: பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள முதுகலை மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும்,

பொங்கல் விடுமுறை முடிந்து விடுதிகள் நிறைந்ததும் தமிழகத்துப் பல்கலைக்கழக நூலகங்களுக்கு ஒரு புதுக் களை வந்துவிடும். புராஜெக்ட் சமர்ப்பிக்கும் கெடு நெருங்குகிறது அல்லவா! கைடு ஒப்புதல் கொடுத்த தலைப்பைத் துண்டுத்தாளில் எழுதிக்கொண்டோ, செல்போனில் படம் எடுத்துக்கொண்டோ வரிசையாக வருவீர்கள். எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "சார், இந்த டாபிக்ல புக் இருக்கா?"

பெரும்பாலும் இருக்காது. அப்படியே உங்கள் தலைப்பில் ஒரு புத்தகம் இருந்துவிட்டால், எழுதி முடித்ததை இன்னொரு முறை எழுத நீங்கள் எதற்கு? ஆனால் 'இல்லை' என்ற சொல்லைக் கேட்டதும் முகம் வாடிவிடுகிறது. கவுன்ட்டரை விட்டு நகர்வதற்குள் கட்டைவிரல் கூகுளுக்குப் போய்விடுகிறது. முதல் பக்கத்து முடிவுகளில் காசு கேட்காமல் திறந்த இரண்டு மூன்று பிடிஎஃப், ஒரு விக்கிப்பீடியா பக்கம், சீனியர் விட்டுப்போன புராஜெக்ட்டின் சாஃப்ட் காப்பி, வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தவை என்று அன்று மாலைக்குள் 'ரெஃபரன்ஸ்' தயாராகிவிடுகிறது. அந்த ஒரு மாலையைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும்.

உங்களைச் சோம்பேறிகள் என்று ஏசுவதற்காக இதை எழுதவில்லை. குறைந்த உழைப்பில் காரியம் முடியும் வழியையே மனிதர் நாடுவார் என்று ஜார்ஜ் ஜிஃப் என்ற அமெரிக்க அறிஞர் 1949-இல் ஒரு தடித்த புத்தகமே எழுதினார். அவருக்கு முன்பே நம் சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன் அதை நூலகத்தின் கடமையாகவே ஆக்கிவிட்டார். கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்ற அவர், 1931-இல் வெளியிட்ட நூலகவியலுக்கான ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. ஆக, சுலபமாகக் கிடைக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பதில் பிழை இல்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2009-இல் அமெரிக்க மாணவர்களிடம் விசாரித்தபோது அங்கேயும் இதே கதைதான் தெரியவந்தது. பாடப் பட்டியலில் உள்ளது, கூகுள், விக்கிப்பீடியா என்று பழகிய சில இடங்களிலேயே தேடல் பெரும்பாலும் ஓடியது. நூலகரிடம் வந்து கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான்.

என் கவலை வேறு. முதலில் வந்து நிற்பது எது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? கூகுள் ஸ்காலர் ஒரு கட்டுரையை மேலே தூக்கி வைக்கும்போது, அதை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதனால் பழைய, ஆங்கிலத்தில் வந்த, ஏற்கெனவே பெயர் பெற்ற கட்டுரைகளுக்கு அங்கே முன்வரிசை கிடைக்கிறது. போன வருடம் தமிழில் வந்த நல்ல கட்டுரை பின்வரிசைக்குப் போகிறது. வாட்ஸ்அப் குழுவில் எது வரும் என்பதை, அன்றைக்கு யாரிடம் பிடிஎஃப் இருந்தது என்பது முடிவு செய்கிறது. சீனியரின் புராஜெக்ட்டில் எது இருக்கும் என்பதை, அவருக்கு முந்தைய சீனியர் முடிவு செய்துவிட்டார். நீங்கள் தேடினீர்கள், சரி. தேர்ந்தெடுத்தது நீங்கள் இல்லையே! கத்தரிக்காயைக்கூடச் சொத்தை பார்த்துப் பொறுக்கும் நாம், ஒரு பட்டத்துக்கான ஆய்வை அடுத்தவர் பொறுக்கிப் போட்டதை வைத்து எழுதலாமா? தேர்வை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். எப்படி என்பதற்கு ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு முழுதாக நடந்து பார்ப்போம்.

'2015 சென்னைப் பெருவெள்ளம் – ஓர் ஆய்வு.' சமூக அறிவியல் துறைகளில் யாராவது ஒருவர் எடுக்கக்கூடிய தலைப்பு. இதை அப்படியே கூகுளில் போட்டால் கொட்டும். வெள்ளம் பற்றியே ஒரு வெள்ளம் வரும். காரணம், இது தலைப்பு மட்டும்தான், இதற்குள் கேள்வி எதுவும் இல்லை. 'அந்த வெள்ளத்துக்குக் காரணம் அளவுக்கு மீறிய மழையா, ஏரி நீரைத் திறந்துவிட்ட விதமா, நீர்நிலைகளில் கட்டடம் கட்டியதா?' என்று கேட்டுப் பாருங்கள். இப்போது தேட வேண்டிய இடங்கள் தாமாகவே பிரியத் தொடங்கும்.

தேடுபெட்டியில் எதையும் தட்டுவதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதுங்கள்: இதைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவர்கள் யார் யார்? கணக்குக் கேட்கும் இடத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை, சென்னை வெள்ள மேலாண்மை பற்றியது, 2018 ஜூலையில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்ட விதத்தை அது கடுமையாகக் குறை கூறியது. மனிதர் கையால் விளைந்த பேரிடர் என்ற முடிவுக்கு வந்தது. வானிலை அறிஞர்களுக்குத் தெரியும். அமெரிக்க வானிலைக் கழகத்தின் இதழ் 2015-ஆம் ஆண்டின் கடும் வானிலை நிகழ்வுகளுக்கென வெளியிட்ட சிறப்புத் தொகுப்பில் சென்னை மழைக்கும் ஒரு கட்டுரை உண்டு. நகரமைப்பாளர்களுக்குத் தெரியும். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் இரண்டாவது பெருந்திட்டம் 2008-இல் நடைமுறைக்கு வந்தது. எந்த நிலத்தை எதற்கு ஒதுக்கினார்கள் என்று அதில் பார்க்கலாம். அரசுத் தரப்பு அப்போதே விளக்கம் சொன்னது. 2015 டிசம்பர் மாதத்து நாளிதழ்களைப் புரட்டினால், விதிப்படியே திறந்தோம் என்ற அந்த வாதமும், கழுத்தளவுத் தண்ணீரில் நின்றவர்களின் குரலும் அருகருகே கிடைக்கும்.

இனி ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். 'பருவநிலை மாற்றத்தால்தான் 2015 வெள்ளம் வந்தது' என்று எத்தனையோ கட்டுரைகளின் முதல் பத்தியில் படித்திருப்பீர்கள். மேலே சொன்ன வானிலைக் கட்டுரை அந்த ஒரு நாள் பெருமழையைப் புள்ளிவிவரங்களோடு சோதித்துப் பார்த்தது. புவி வெப்பமாதலின் தாக்கம் அந்த மழையில் புலப்படவில்லை என்பது அதன் முடிவு. காற்றில் மிதக்கும் மாசுத் துகள்கள் அந்தத் தாக்கத்தை ஈடுகட்டியிருக்கலாம் என்றும் காரணம் சொல்கிறது. இதனால் பருவநிலை மாற்றமே பொய் என்று ஆகிவிடாது. ஒரு குறிப்பிட்ட மழையை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்ற எல்லை மட்டும் தெளிவாகிறது. முதல் பக்கத்தோடு நின்ற மாணவருக்கு இந்த முரண்பாடு கண்ணிலேயே படாது. தணிக்கை அறிக்கை ஒன்று சொல்ல, அரசு இன்னொன்று சொல்ல, அறிவியல் கட்டுரை மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல, இவை எங்கே மோதுகின்றன என்று பார்க்கிறீர்களே, உங்கள் ஆய்வு தொடங்கும் இடம் அதுதான். எல்லா மூலங்களும் ஒரே குரலில் பேசினால் சந்தேகப்படுங்கள். ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டிருக்கக்கூடும்.

அடுத்தது சொற்கள். நூலகக் கணினியில் தேடும்போது பலர் தோற்பது இங்கேதான், தமிழில் தேடுகிறவர்களுக்குத் தொல்லை இன்னும் கூடுதல். 'வெள்ளம்' என்று தட்டினால் பல அட்டவணைகள் அந்தச் சொல்லை அப்படியே வைத்துத்தான் பொருத்திப் பார்க்கும். 'வெள்ளத்தில்', 'வெள்ளப்பெருக்கு', 'வெள்ளத்தடுப்பு' எல்லாம் தப்பிவிடும். நம் மொழியில் வேற்றுமை உருபு ஏறினால் மகரம் ஓடிவிடுகிறதே! அதனால் 'வெள்ள' என்பதோடு நிறுத்தி, பின்னால் நட்சத்திரக் குறி போடுங்கள். மென்பொருள் அதை ஏற்குமானால் எல்லா வடிவங்களும் வரும். கூடவே வெள்ளி விழா மலர்களும் வெள்ளைக்காரர் ஆட்சியும் வந்து நிற்கும். கணினி எழுத்தை உயிர்மெய்யாகப் பார்ப்பதில்லை, மெய்யோடு ஒட்டிய குறியைத் தனியாகவே எண்ணுகிறது. வந்ததைக் கழித்துக்கொள்ளலாம், வராமல் போனதை எங்கே போய்த் தேடுவது?

பெயர்களும் அப்படித்தான். மு.வ.வைத் தேடுகிறவர் 'மு.வ.' என்று மட்டும் போட்டுவிட்டு 'புக் இல்லை' என்று போய்விடக்கூடாது. அட்டவணையில் அவர் 'வரதராசன், மு.' என்று உட்கார்ந்திருப்பார். 'இராமலிங்கம்' ஓரிடத்திலும் 'ராமலிங்கம்' வேறோர் இடத்திலும் இருப்பார். ஊர்ப் பெயர்களுக்கு ஆங்கிலத்தில் இன்னொரு தகராறு. செம்பரம்பாக்கத்தைச் சிலர் 'சி-எச்' போட்டும் சிலர் 'எஸ்' போட்டும் எழுதுகிறார்கள். பழைய ஆவணம் தேவையென்றால் 'சென்னை'யோடு 'மதராஸ்' என்பதையும் ஆங்கிலத்தில் தேடியாக வேண்டும். 1996-க்கு முன்னால் அரசு ஆவணங்களில் ஆங்கிலப் பெயர் அதுதான். ஒரு சொல்லில் எதுவும் வரவில்லை என்றால், பொருள் இல்லை என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அந்தச் சொல் இல்லை, அவ்வளவே. சரியாக வந்த ஒரு புத்தகத்தின் பதிவைத் திறந்து, அதற்கு என்ன பொருள் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அதன்மேல் சொடுக்கினால், உங்கள் சொல் இல்லாமலேயே அதே பொருளைப் பேசும் மற்ற நூல்களும் வரிசை கட்டும்.

பிறகு கணினியை விட்டு எழுந்து அடுக்குக்கு நடந்து போங்கள். டூயி பகுப்பு முறையைப் பின்பற்றும் நூலகமானால், வெள்ளம் ஒரே அலமாரியில் கிடைக்காது. பேரிடர் நிவாரணம் 363.34-இல், நீரியல் 551.48-இல், வெள்ளத் தடுப்புப் பொறியியல் 627.4-இல், நீர்வளப் பொருளாதாரம் 333.91-இல். வெள்ளத்தை வைத்து யாராவது நாவல் எழுதியிருந்தால் அது 894.811-இல், தமிழ் இலக்கியத்தோடு. இப்படிச் சிதறிக் கிடப்பதைக் குறை என்று நினைக்க வேண்டாம். உங்கள் கேள்வி எந்த எண்ணுக்கு அருகில் இருக்கிறது என்று யோசிக்கும்போதே, அது பொறியியல் கேள்வியா, நிர்வாகக் கேள்வியா என்பது உங்களுக்கே விளங்கிவிடும். தேடி வந்த புத்தகத்துக்கு இரண்டு பக்கத்திலும் இருப்பவற்றை எடுத்துப் பொருளடக்கத்தையும் பின்னிணைப்பையும் புரட்டுங்கள். எந்தத் தேடுபொறியும் காட்டாத புத்தகத்தை அலமாரி காட்டும்.

தமிழில் ஆய்வு செய்கிறவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். நம் ஆய்வேடுகள் சோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் நிறையவே இருக்கின்றன. எம்.ஃபில்., பிஎச்.டி. ஆய்வேடுகளை மின்வடிவில் தர வேண்டும் என்று யுஜிசி 2009-இல் விதி கொண்டுவந்த பிறகு, காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் அவற்றைத் திரட்டிவருகிறது. ஆனால் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பிடிஎஃப்களைத் திறந்தால், கண்ணுக்குத் தமிழ் தெரியும், கணினிக்கு அது ஆங்கில எழுத்துக் குவியல். உள்ளே தேடினால் ஒன்றும் சிக்காது. வெட்டி ஒட்டினால் புரியாத கிறுக்கல்தான் வரும். அதனால் தலைப்பைத் தமிழ் எழுத்திலும், ஒலிபெயர்த்து ஆங்கில எழுத்திலும், ஆங்கில மொழிபெயர்ப்பிலும் என மூன்று விதமாகத் தேடுங்கள். பல்கலைக்கழகம், துறை, நெறியாளர் பெயர் வழியாகவும் உள்ளே போகலாம். கிடைத்த ஆய்வேட்டில் முதலில் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். மூன்று நான்கு ஆண்டுகள் அலைந்து ஒருவர் திரட்டிய துணைநூற்பட்டியல் அங்கே இலவசமாக இருக்கிறது. அதிலிருந்து மூலத்துக்குப் போங்கள். அந்த ஆய்வேட்டின் வரிகளைத் தூக்கிவந்து உங்கள் பக்கத்தில் ஒட்டுவதைவிட அது நூறு மடங்கு பயன் தரும்.

அச்சில் வந்து மறைந்தவை வேண்டுமென்றால், சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூர்க்காரர் ஒருவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்கள், இதழ்கள், துண்டுப் பிரசுரங்கள்; அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கி இங்கேயே பாதுகாக்க வழி செய்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய நூல்கள் படவடிவில் கிடைக்கும். இலங்கைத் தமிழ் எழுத்துகளுக்கு 2005 முதல் இயங்கும் நூலகம் திட்டத்தை விட்டால் வேறு பெரிய மின்களஞ்சியம் இல்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழைய இலக்கியங்களின் மின்பதிப்புகள் உள்ளன. சென்னை கன்னிமரா நூலகத்துக்கு 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் படியும் வந்து சேர வேண்டும். உங்கள் நூலகத்தில் இல்லை என்றால் உலகத்திலேயே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்போது காசு விஷயம். திறக்கிற பிடிஎஃப்பை மட்டும் எடுக்கிறோம், மற்றதெல்லாம் பணம் கேட்கிறது என்கிறீர்கள். அந்தப் பணம் ஏற்கெனவே கட்டப்பட்டுவிட்டது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2025 தொடங்கி மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்கள். உங்கள் பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலில் இருந்தால், வளாக இணையத்தில் உட்கார்ந்தாலே பூட்டிய கட்டுரைகள் பல திறக்கும். விடுதியிலோ ஊரிலோ இருந்தால் இன்ஃபெட் என்ற இணைய நுழைவு வசதி வழியாக, நூலகம் தரும் பயனர் கணக்கைக் கொண்டு நுழையலாம். தனியார் கல்லூரிகளுக்கு இந்தத் திட்டம் இன்னும் வந்து சேரவில்லை. அங்கே படிப்பவர்கள் தங்கள் கல்லூரி, கல்லூரிகளுக்கு மின்வளங்களைத் தரும் 'என்-லிஸ்ட்' திட்டத்தில் உறுப்பினரா என்று நூலகரிடம் விசாரிக்க வேண்டும். உங்கள் பெயரில் ஒரு கணக்குக் கேட்டு வாங்க ஒரு மின்னஞ்சல் போதும். பரீட்சைக் கட்டணத்தில் ஐம்பது ரூபாய் கூடினால் போராடும் நீங்கள், கோடிக்கணக்கில் உங்களுக்காகச் செலவழித்ததைத் தொடாமலே போவது எனக்குப் புரியவில்லை.

பதிப்பகத்தின் பக்கத்துக்கே போய் எடுப்பதில் இன்னொரு நன்மை உண்டு. 1998-இல் 'லான்செட்' இதழில் பன்னிரண்டு குழந்தைகளை வைத்து ஒரு கட்டுரை வந்தது. தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்தி உலகையே பயமுறுத்தியது. அந்தக் கட்டுரையை இதழே 2010-இல் திரும்பப் பெற்றுவிட்டது. இதழின் இணையப் பக்கத்துக்குப் போனால் 'திரும்பப் பெறப்பட்டது' என்ற அறிவிப்பு முகத்தில் அடிக்கும். ஆனால் அதற்கு முன்பே யாரோ இறக்கி வைத்துக் கைமாறிக்கொண்டிருக்கும் பிடிஎஃப்பில் அந்த அறிவிப்பு எங்கிருந்து வரும்? வாட்ஸ்அப்பில் வந்த கோப்பு, அதைச் சேமித்த நாளோடு நின்றுவிட்ட கோப்பு. அதற்குப் பிறகு வந்த மறுப்பு, திருத்தம், விவாதம் எதுவும் அதற்குத் தெரியாது.

இதழின் பெயர் ஆங்கிலத்தில் 'இன்டர்நேஷனல்' என்று தொடங்கினாலே தரமானது என்ற மயக்கமும் நம்மிடம் உண்டு. 2013-இல் ஜான் பொஹானன் என்ற அறிவியல் செய்தியாளர், முதலாண்டு மாணவரே கண்டுபிடிக்கக்கூடிய பிழைகளோடு போலிக் கட்டுரை ஒன்றைத் தயாரித்து 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் அதை ஏற்றுக்கொண்டன. அவர் அனுப்பிய இதழ்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இந்தியாவிலிருந்து வருபவை. நம் நாட்டில் தரமான இதழ்களுக்கு வழிகாட்டிய யுஜிசி-கேர் பட்டியலும் 2025-இல் கைவிடப்பட்டுவிட்டது. இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இப்போது பல்கலைக்கழகங்கள் கையிலும் உங்கள் கையிலும்தான். ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் நிஜ மனிதர்களா, அந்தத் துறைக்காரர்களா? கட்டுரை அனுப்பி மூன்றே நாளில் வெளியிடுகிறோம் என்கிறார்களா? பணம் எப்போது கேட்கிறார்கள்? இந்த மூன்றைக் கேட்டாலே பல இதழ்களின் வண்டவாளம் வெளிவந்துவிடும்.

ஒரு மூலத்தை நம்பலாமா என்று பார்க்க, நாம் அதன் பக்கத்தையே மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருக்கிறோம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் நடத்திய ஒரு சோதனை இதற்கு நல்ல பாடம். வரலாற்று அறிஞர்கள் பத்துப் பேர், தொழில்முறையாகச் செய்தி சரிபார்ப்பவர்கள் பத்துப் பேர், அந்தப் பல்கலைக்கழக மாணவர்கள் இருபத்தைந்து பேர். குழந்தை மருத்துவர் சங்கங்கள் இரண்டின் இணையப் பக்கங்களைக் காட்டி, எது நம்பத்தகுந்தது என்று கேட்டார்கள். ஒன்று 1930-இல் தொடங்கி பல்லாயிரம் உறுப்பினர்களோடு இயங்குவது. மற்றது கொள்கைத் தகராறில் 2002-இல் பிரிந்துபோன சின்னக் குழு. பெயர்கள் ஏறக்குறைய ஒன்றுபோல, இரண்டு பக்கங்களும் பளபளப்பு. மாணவர்கள் பக்க அமைப்பையும் அடிக்குறிப்புகளையும் பார்த்து, பலர் சின்னக் குழுவின் வலையில் விழுந்தார்கள். அறிஞர்களிலும் சிலர் தடுமாறினார்கள். சரிபார்ப்பவர்களோ அந்தப் பக்கத்தில் தங்கவே இல்லை. உடனே புது தாவல்களைத் திறந்து, இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஒருவரைப் பற்றி அறிய அவரிடமே கேட்காமல் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது நம் ஊரில் பெண் பார்க்கப் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான். மூலங்களைப் பார்க்கும்போது மட்டும் ஏன் மறந்துவிடுகிறோம்?

இப்போதெல்லாம் இன்னொரு வகைச் சீட்டும் நூலகங்களுக்கு வருகிறது. ஆசிரியர் பெயர், கட்டுரைத் தலைப்பு, இதழ், தொகுதி, பக்க எண் எல்லாம் கச்சிதமாக இருக்கும். தேடிப்போனால் இதழ் உண்டு, அந்தத் தொகுதியும் உண்டு, அந்தப் பக்கத்தில் வேறு கட்டுரை இருக்கும். சாட்ஜிபிடி போன்ற செயலிகள் இல்லாததை இருப்பதுபோல் கோத்துக் கொடுத்தவை அவை. 2023-இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் இப்படிக் கிடைத்த பொய் வழக்குகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டி 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். அந்தச் செயலிகளைத் தொடவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். தேடுவதற்கான சொற்களை யோசித்துத் தர, கடினமான ஒரு கட்டுரையை எளிமையாக விளக்கிச் சொல்ல அவை உதவும். ஆனால் அவை கொடுத்த மேற்கோள் ஒவ்வொன்றையும் டிஓஐ எண் வழியாகவோ இதழின் பொருளடக்கம் வழியாகவோ நேரில் திறந்து பாருங்கள். திறக்காத மேற்கோள் உங்கள் பட்டியலுக்குள் வரக்கூடாது. திறந்தும் படிக்காத மேற்கோளும் அப்படியே.

நடுவில் ஒரு கட்டம் வரும். நாலைந்து மூலங்களைப் படித்தபின் எல்லாம் குழம்பி, தலைப்பையே மாற்றிவிடலாமா என்று தோன்றும். கைடிடம் போய் 'மெட்டீரியல் கிடைக்கல மேடம்' என்று சொல்ல வாய் வரும். கேரல் குல்தாவ் என்ற நூலகவியல் பேராசிரியர் மாணவர்களின் தேடலை ஆறு கட்டங்களாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். தலைப்பைத் தேர்ந்ததும் தைரியம் பிறக்கிறது. படிக்கத் தொடங்கியதும் அது சரிந்து, குழப்பமும் ஐயமும் உச்சத்துக்குப் போகின்றன. கேள்வி கூர்மையானதும் தெளிவு திரும்புகிறது. ஆகவே அந்தக் குழப்பம் நீங்கள் மக்கு என்பதற்கு அடையாளம் இல்லை, சரியான பாதையில் பாதி தூரம் வந்ததற்கு அடையாளம். பலர் அந்த இடத்தில்தான் பயந்துபோய் சீனியரின் புராஜெக்ட்டைத் திறக்கிறார்கள். நீங்கள் அப்போது நூலகத்துக்கு வாருங்கள்.

வரும்போது மூன்று வரி எழுதிக்கொண்டு வாருங்கள்: என் கேள்வி இது, இதுவரை இங்கெல்லாம் தேடினேன், இது மட்டும் கிடைக்கவில்லை. இந்த மூன்று வரி இருந்தால் எந்த நூலகராலும் பத்து நிமிடத்தில் வழி சொல்ல முடியும். உரிமையோடும் கேளுங்கள். தேவையான புத்தகம் இல்லையென்றால் பரிந்துரைப் படிவத்தை நிரப்புங்கள். துறைத் தலைவர் கையெழுத்தோடு வரும் பரிந்துரையை ஒதுக்கிவைப்பது எந்த நூலகக் குழுவுக்கும் எளிதல்ல. வேறு நூலகத்தில் இருப்பதை வரவழைத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். அடுக்குகளைப் பூட்டிவைத்து, சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் புத்தகம் என்றால், ஏன் என்று கேளுங்கள். சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் வாசகர் நேரே அடுக்குக்குப் போகும் வழியை ரங்கநாதன் திறந்துவிட்டு ஒரு நூற்றாண்டு ஆகப்போகிறது. மின்வளங்களைப் பயன்படுத்தும் பயிற்சியை ஆங்கில ஸ்லைடுகளோடு ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டால், தமிழில், உங்கள் துறைத் தலைப்புகளை வைத்து நடத்தச் சொல்லி எழுத்துமூலம் கேளுங்கள். மாணவர் கேட்டு எழுதிய கடிதம் ஒன்று கோப்பில் இருந்தால், அதை வைத்துக்கொண்டு எங்களாலும் நிர்வாகத்திடம் வாதாட முடியும்.

கடைசியாக ஒரு வேலை. புராஜெக்ட்டைப் பைண்டிங் கடைக்குக் கொடுப்பதற்கு முன், துணைநூற்பட்டியலைத் தனியாக அச்செடுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே, இதை ஏன் எடுத்தேன் என்று ஒரு வரி பென்சிலால் எழுதுங்கள். 'இலவசமாகத் திறந்தது', 'சீனியர் பட்டியலில் இருந்தது' என்பவை பதில் ஆகா. ஒரு வரி எழுத வராத பதிவை அடித்துவிடுங்கள். பட்டியல் நாற்பதிலிருந்து பதினைந்தாகச் சுருங்கினாலும் பரவாயில்லை. வைவாவில் தேர்வாளர் எந்த ஒன்றைச் சுட்டிக் கேட்டாலும் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்ல அந்தப் பதினைந்து போதும்.

அன்புடன்,
ஒரு பல்கலைக்கழக நூலகர்